செந்தூல் டயாலிசிஸ் மையம்: இருதயத்தைக் கவனிக்கிறார்களா?

கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்தில் கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் தனியார் டயாலிசிஸ் மையத்தில் என் தந்தையார் வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்துள்ளேன். சாய்வு நாற்காலி, தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாம் எங்கு போனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். டயாலிசிஸ் செய்துகொள்வோரின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் இருதய நோய் என்பதால், அவர்களுடைய இருதயத்தை ஒரு மையம் எந்த அளவுக்குப் பாதுகாக்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த வகையில் இங்கு எனக்கு மிகவும் பிடித்தது வாசலருகே இருக்கும் எடைக் கருவியும், அதனருகே நிற்கும் மிஸ்ஸியின், அதாவது தாதியின், கண்டிப்பும். சிறுநீர் போகாத உடலில் குடித்த நீரெல்லாம் தங்கிவிடுகிறது. அது இரத்த அழுத்தத்தை ஏற்றி, இருதயத்தின் இடது கீழறைச் சுவரை நாளடைவில் தடிக்க வைக்கிறது. தேங்கிய நீரை ஒரேயடியாக இழுத்தாலும் ஆபத்துதான், ஏனெனில் அழுத்தம் சரிந்து இருதயத் தசைக்குப் போக வேண்டிய இரத்தமே குறைந்துபோகும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுப்பதை மருத்துவர்கள் விரும்புவதில்லை. அப்பாவின் உலர் எடை, அதாவது மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 60 கிலோ. எனவே 4 மணி நேரத்தில் ஏறத்தாழ 3.1 லிட்டர்தான் எடுக்கலாம். திருமண விருந்து ஒன்றுக்குப் பிறகு அவர் 4 கிலோ கூடுதலாக வந்து நின்றபோது, "அங்கிள், இவ்வளவையும் இன்னிக்கே இழுத்தா ஹார்ட் தாங்காது, ஒரு மணி நேரம் கூட உட்காருங்க, மிச்சத்தை நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றார் மிஸ்ஸி. அப்பாவுக்குக் கோபம் வந்தது. எனக்கோ அந்த மையத்தின் மீது நம்பிக்கை வந்தது, ஏனெனில் அடுத்த நோயாளி காத்திருக்கும்போது நாற்காலியை விட்டுக்கொடுக்க வணிக நோக்குள்ள இடங்கள் எளிதில் முன்வருவதில்லை.

திங்கள், புதன், வெள்ளி முறையில் வருபவர்களுக்கு வெள்ளி முதல் திங்கள் வரை நீளும் இடைவெளியே ஆபத்தானது. அந்த நாட்களில் நீரோடு பொட்டாசியமும் சேர்கிறது. அது மிகுந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி, முன்னறிவிப்பின்றி நின்றுவிடவும் கூடும். இதை மருத்துவர் நன்றாகவே விளக்கினார். ஆனால் மையம் கொடுக்கும் உணவுத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. அதில் புரோக்கோலி உண்டு, நம் வீட்டுக் கருவாடும் ஊறுகாயும் முறுக்கும் இல்லை. உப்பு தாகத்தைத் தூண்டும், தாகம் தண்ணீரைக் கேட்கும் என்பதை நம் சாப்பாட்டை வைத்துச் சொன்னால்தானே பெரியவர்களுக்குப் புரியும்? உடலுக்கு நல்லதென்று குடிக்கும் இளநீரிலும், "சோடியம் குறைந்தது" என்று விற்கும் உப்பிலும் பொட்டாசியம் மிகுதி என்பதை நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம்.

பெரிய குறை வேறொன்று. மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் நீரிழிவு. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கு இருதயப் பாதிப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணைகளை அடுக்கிக்கொண்டு தூங்குவது, நடந்தால் சட்டென்று களைப்பது போன்றவற்றைக் கேட்டறிய வேண்டும். இங்கோ "நெஞ்சு வலிக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே எடுத்த எக்கோ (இருதய ஒலி அலைப் பரிசோதனை) அறிக்கையை நாங்கள் கொடுத்தபோது, அது கோப்பில் போய்ச் சேர்ந்ததே தவிர, அதைப் பார்த்து உலர் எடையைத் திருத்தலாமா என்று யாரும் பேசவில்லை. நாங்கள் வற்புறுத்திய பிறகே மருத்துவர் அதைப் பிரித்துப் பார்த்தார். இரத்தச்சோகைக்கான ஊசியையும், இரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிவதற்கு வழிவகுக்கும் பாஸ்பேட்டின் அளவையும் ஒழுங்காகக் கவனிக்கும் மையம் இதில் மட்டும் ஏன் தயங்குகிறது என்று தெரியவில்லை.

சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தொடர்பான தாள்களை ஊழியர்களே பொறுமையாகப் பூர்த்தி செய்து தருகிறார்கள். வாகனம் நிறுத்துவது கடினம்.

பொதுவாக உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருதயத்தின் இயக்கம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள், இருதய நிபுணர் கூப்பிடும் தொலைவில் இருக்கும் மருத்துவமனைப் பிரிவை நாடுவதே மேல்; இங்கு அவசரமென்றால் ஆம்புலன்ஸை அழைத்துத்தான் அனுப்ப முடியும்.