பிராசோ மெட்டல் பாலிஷ் 100 மில்லி: அப்பாவின் பெல்ட் பக்கிளில் தேய்த்துப் பார்த்தது

ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். காரணம் கொஞ்சம் நீளம்.

போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் தீயணைப்போராகச் சேர்ந்து, முன்னணித் தீயணைப்போராக 2012இல் ஓய்வுபெற்றவர். பீரோவை ஒழித்தபோது அவருடைய யூனிஃபார்ம் பெல்ட் கிடைத்தது. கடைசி இரண்டு வருடம் கை நடுக்கத்தால் அவர் அதைத் தொடவில்லை. பித்தளை பக்கிள் கறுத்து, ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது.

அம்மா முதலில் புளி போட்டுத் தேய்த்தார். களிம்பு போனது, ஆனால் பித்தளைக்குரிய மஞ்சள் வரவில்லை. செம்பு மாதிரி சிவந்து, நாலே நாளில் மங்கிவிட்டது. புளி களிம்பைக் கரைக்கும், அவ்வளவுதான். பிராசோவில் அம்மோனியாவோடு மிக நைசான தூளும் இருக்கிறது. அதுதான் உலோகத்தின் மேல்பரப்பை இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறது.

மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. எனக்கு அது ஏப்ரல் 14இன் வாசனை. ஊருக்கெல்லாம் அன்றைக்குச் சித்திரை ஒன்று. அப்பாவுக்குத் தீத்தொண்டு நாள். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் வெடித்து, அணைக்கப் போன 66 தீயணைப்போர் இறந்த நாள் அது. முதல் நாள் சாயங்காலமே கிணற்றடியில் பக்கிள், விசில், சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மறுநாள் ஸ்டேஷனில் அஞ்சலி முடிந்து அவர் திரும்பிய பிறகுதான் எங்கள் வீட்டில் பாயசம். ஓய்வுபெற்ற பிறகும் வெள்ளைச் சட்டையில் இந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போய் வந்தார்.

அவரிடம் பார்த்தபடியே செய்தேன். டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையென்றால் தூள் அடியிலேயே தங்கிவிடும். பழைய வேட்டித் துணியில் ஒரு பொட்டு போதும். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் துணி மையாகக் கறுக்கும். பயப்பட வேண்டாம், அழுக்கு வருகிறது என்று அர்த்தம். வெள்ளையாகக் காய விட்டு, வேறொரு சுத்தமான துணியால் துடைத்து எடுக்க வேண்டும். எழுத்துச் சந்துகளில் வெள்ளைப் பொடி தங்கும். அப்பா ஈர்க்குச்சி நுனியில் துணியைச் சுற்றி அதை எடுப்பார். சட்டைப் பொத்தானுக்கு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு பிளவு வெட்டி வைத்திருந்தார். பொத்தானுக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டால் காக்கித் துணியில் கறை படாது. அந்த ஃபிலிம் துண்டும் பீரோவில் இருந்தது. யாருடைய விலா எலும்போ தெரியவில்லை, பாதி தெரிகிறது.

இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். டப்பாவிலேயே போட்டிருக்கிறது, தயவுசெய்து படியுங்கள். அடுப்பு எரியும்போதோ சாமி விளக்கு எரியும்போதோ அப்பா இதை வீட்டுக்குள் திறந்ததே இல்லை. தேய்த்த துணியையும் சுருட்டிப் போட மாட்டார். அலசி, கொடியில் விரித்துக் காயப்போடுவார். சாப்பிடுகிற, தண்ணீர் குடிக்கிற பாத்திரங்களுக்கு வேண்டாம், அதற்குப் புளிதான் சரி. கவரிங் நகையில் தேய்த்தால் முலாம் போய்விடும். குத்துவிளக்குக்கு அருமையாக இருக்கிறது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

2004 ஜூலை 16 பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா அப்போது கும்பகோணத்தில் வேலையில் இருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் பிடித்த தீ மேலே கீற்றுக்கூரைக்குப் பாய்ந்தது. 94 குழந்தைகள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சாப்பிடவில்லை, கிணற்றடியில் போய் உட்கார்ந்து பக்கிளைத் தேய்க்க ஆரம்பித்தார். அதில் தேய்க்க ஒன்றுமே இல்லை, ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை. கிணற்றடி லைட்டை மட்டும் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். நான் தூங்கும்வரை துணி தேய்படுகிற சத்தம் கேட்டது. அந்த நாளைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. ஆனால் என் மகனை எல்கேஜி சேர்க்கப் போனபோது, நாங்கள் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்க, அவர் தனியாக மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து, "படி ரெண்டு பக்கமும் இருக்கு, அகலமா இருக்கு, சேர்த்துடு பாப்பா" என்றார்.

கல்லூரியில் நான் என்சிசியில் சேர்ந்தபோது என் பக்கிளை அவரே தேய்த்துத் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை. டப்பாவையும் துணியையும் என் முன்னால் வைத்தார். நான் முடித்துக் காட்டியபோதெல்லாம் "பல்லு தெரியுதா பாரு" என்பார். பக்கிளை முகத்துக்கு நேரே பிடித்து ஈயென்று இளித்துப் பார்க்க வேண்டும். பல்வரிசை தெரிந்தால்தான் முடிந்தது என்று கணக்கு. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.

இந்தச் சித்திரை ஒன்றுக்கு முதல் நாள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். நூறு மில்லியில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. மறுநாள் அப்பா படத்துக்கு முன்னால் பெல்ட்டைச் சுருட்டி வைத்தோம். அதற்கு முன்பு என் மகனைக் கூப்பிட்டு பக்கிளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். இளித்தான். மேல்வரிசையில் போன வாரம் விழுந்த பல்லின் சந்து தெளிவாகத் தெரிந்தது.