கிருஷ்ணகிரியில் இன்சைட் சேல்ஸ் வேலை: உள்ளே இருந்து பார்த்தவரின் மதிப்பீடு

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைத் தொலைபேசி வழியாக விற்கும் ஒரு நிறுவனத்தின் கிருஷ்ணகிரி அலுவலகத்தில் இன்சைட் சேல்ஸ் பணியில் இருந்தேன். தினமும் ஓசூருக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறாமல் சொந்த ஊரிலேயே வேலை பார்க்க விரும்பும் பட்டதாரிகள் பலர் இப்பணிக்கு விண்ணப்பிப்பதால், சேரும் முன் அவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

பீல்டு சேல்ஸ் போலக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. கொடுக்கப்படும் பட்டியலில் உள்ள வணிகர்களை அழைத்து, அவர்களுடைய தேவையைக் கேட்டறிந்து, டெமோவுக்கு நேரம் வாங்கி, பணம் வந்து சேரும் வரை விடாமல் பேசுவதே வேலை. இம்மாவட்டத்தில் பலர் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கேட்டே வளர்ந்தவர்கள் என்பதால், ஒரே மேசையிலிருந்து ஆந்திரத்தின் குப்பம் நகருக்குத் தெலுங்கிலும் கோலாருக்குக் கன்னடத்திலும் தருமபுரிக்குத் தமிழிலும் பேச முடிகிறது. நிறுவனத்துக்கு இது பெரிய பலம். ஆனால் அதற்கெனத் தனிப் படி எதுவும் தருவதில்லை என்பது நியாயமாகப் படவில்லை.

பயிற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். மனப்பாடமாக ஒப்பிக்க ஒரு ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்து அனுப்பாமல், ஒவ்வொரு வகைக் கடையிலும் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பயனைக் குப்பத்து உரக்கடைக்காரர் ஒருவரிடம் பேசியபோது உணர்ந்தேன். விவசாயியின் விரல் ரேகையைப் பி.ஓ.எஸ். கருவியில் பதித்துத்தான் உரம் விற்கிறேன், இன்னொரு கணினி எனக்கு எதற்கு என்று அவர் கேட்டார். அந்தக் கருவி மானிய உரத்துக்கு மட்டுமே உரியது என்பதையும், அதே விவசாயி வாங்கும் விதைக்கு வரி இல்லை, உரத்துக்கு 5 சதவீதம், இரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் என்று ஒரே பில்லுக்குள் மூன்று விதமாகக் கணக்குப் போட வேண்டியிருப்பதையும் நான் எடுத்துச் சொன்னதும், சற்று நேரம் பேசாமல் இருந்தவர், மாதக் கடைசியில் கணக்கரிடம் படும் பாட்டைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார். இப்படிப்பட்ட உரையாடல்களுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் உழைப்பை அளக்கும் முறை இதற்கு நேர்மாறாக இருந்தது. மாலை அறிக்கையில் மேலாளர் முதலில் பார்ப்பது அன்று எத்தனை அழைப்புகள் போயின என்பதைத்தான். ஒரு வணிகரிடம் அரை மணி நேரம் பேசி அவருடைய நம்பிக்கையைப் பெற்றவர் எண்ணிக்கையில் பின்தங்குவார்; எடுக்காத எண்களை அடுக்கடுக்காக அழைத்தவர் முன்னால் நிற்பார். பேசிப் பக்குவப்படுத்திய வாடிக்கையாளரிடம் பீல்டு ஊழியர் நேரில் போய்க் கையொப்பம் வாங்கினால், வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் சி.ஆர்.எம். மென்பொருளில் விற்பனை அந்த ஊழியர் பெயரில்தான் ஏறும். இன்சென்டிவ் எனும் ஊக்கத்தொகையும் பெரும்பாலும் அவருக்கே போகும். வாடிக்கையாளர் பின்னர் ரத்து செய்தால் மட்டும் எங்கள் கணக்கிலும் பிடித்தம் உண்டு. வரவில் பங்கில்லாதவருக்கு இழப்பில் பங்கு வைப்பது எந்த வகையில் முறை என்று பலமுறை கேட்டும் எழுத்து வடிவில் பதில் வரவில்லை.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்தியது சிம் கார்டு விவகாரம். விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அந்த எண்ணைப் பார்த்ததும் பலர் எடுப்பதில்லை என்பதற்காக, எங்கள் பெயரிலேயே சிம் வாங்கி அழைக்கச் சொன்னார்கள். எரிச்சலடைந்த வணிகர்கள் 1909 எண்ணில் புகார் செய்தால் துண்டிக்கப்படுவது யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவருடைய எண்தான். நிறுவனத்தின் பெயர் அதில் எங்கும் வராது. வங்கியும் ஆதாரும் கைப்பேசி எண்ணோடு பிணைந்திருக்கும் காலத்தில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளை இந்த ஆபத்தில் தள்ளுவது பெருந்தவறு. நான் மறுத்தேன், மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மற்றபடி குறை சொல்வதற்கில்லை. சம்பளம் தேதி தவறியதில்லை. 21,000 ரூபாய் வரம்புக்குள் சம்பளம் வாங்கியவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தது; பி.எஃப். ஒழுங்காகக் கட்டினார்கள். பெண்களை இரவில் இருக்க வைத்ததில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டாம். அழைக்கும் எண் யார் பெயரில் இருக்கும், பீல்டு ஊழியர் முடிக்கும் விற்பனையில் உங்கள் பங்கு எவ்வளவு, வேலையை விட்டால் நிலுவை இன்சென்டிவ் கிடைக்குமா ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதிலை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு உங்கள் பெயர்தான் என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் சேர வேண்டாம்.