'டக்', அவ்வளவுதான்: பத்தொன்பது வயது காரோடு ஒன்பது மாதம்

போன வாரம் நண்பன் போன் பண்ணினான். "டேய், உன் கார் மாதிரியே ஒண்ணு வருதுடா. அதே 2006 மாடல், சிங்கிள் ஓனர், எண்பத்தஞ்சாயிரம் சொல்றாங்க. வாங்கலாமா?"

நேரம் பார்த்துத்தான் கேட்டான். ஒன்பது மாதமாக என்னைப் படுத்தி எடுத்த கோளாறு அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தீர்ந்திருந்தது. நான் கதையை ஆரம்பித்ததும், "வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு" என்றான். அதை மட்டும் சொல்ல முடிந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருப்பேனா?

கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இந்தக் கோளாறு வயதான எந்தக் காரிலும் வரக்கூடியது. பெட்ரோல், ஏசி, பவர் ஸ்டீரிங். 2014-ல் 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கினேன், இப்போது 1,31,000. திருச்சிச் சித்திரை வெயிலில் இன்றைக்கும் பத்து நிமிஷத்தில் உள்ளே ஜில்லென்று ஆகிவிடும். மூட்டுவலிக்கார மாமியார் மற்ற கார்களில் ஏறும்போது முனகுவார், இதில் முனகுவதில்லை. சஸ்பென்ஷன், கிளட்ச் எல்லாம் அதனதன் காலத்தில் மாற்றியது, புகார் இல்லை. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதுவாக மனசு வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

முதல் தடவை தை மாதக் கடைசியில், சமயபுரத்தில். தரிசனம் முடித்து வந்து சாவியைத் திருப்பினேன். 'டக்'. அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் கணீரென்று அடிக்கிறது, என்ஜின் மட்டும் இம்மி அசையவில்லை. மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. பின் சீட்டில் மாமியார், மடியில் அர்ச்சனைத் தட்டு. பூக்கடையில் நின்ற இரண்டு பையன்கள் கேட்காமலே வந்து தள்ளினார்கள். செகண்ட் கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் எதுவுமே நடக்காதது போல எழுந்துகொண்டது. "அம்மாதான் காப்பாத்துனா" என்றார் மாமியார். பையன்களுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது 'உடம்பு சரியில்லை' என்பது மாதிரி. அதை வைத்து மருந்து எழுத முடியாது. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். 'டகடகடக' என்று வரிசையாக அடித்து விளக்கும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பேட்டரி டெர்மினல் பூத்திருக்கிறது. என்ஜின் 'உர் உர்' என்று நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியையும், என்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் விட்டுவிட்டுப் பெட்ரோல், பிளக் பக்கம் போக வேண்டும். சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கமிருந்து இரண்டு விநாடி 'ங்ங்' என்று பெட்ரோல் பம்ப் முனகும். அது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்கு வந்தது ஒரே ஒரு 'டக்', விளக்கில் மங்கலே இல்லை. அதாவது சாவி சொன்னது செல்ஃப் மோட்டார்வரை போயிருக்கிறது, அதன் சுவிட்சும் உள்ளே இழுத்திருக்கிறது. மோட்டாருக்குத்தான் சுற்றத் தெம்பில்லை. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பேட்டரி.

அடுத்தது துவாக்குடி பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். பின்னால் ஆறு வண்டி, எல்லோருக்கும் அவசரம். அப்புறம் ஆபீஸ் வாசல். அங்கே கூட வேலை பார்ப்பவர் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து என் காருக்குக் கரண்ட் கொடுக்க ஜம்பர் கேபிள் போட்டார். தொட்டதும் பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா, பேட்டரி போச்சு" என்று அங்கேயே தீர்ப்பு. கடைக்காரரும் அதையே சொன்னார், பழைய பேட்டரியை அளந்துகூடப் பார்க்கவில்லை. பழையதைக் கழித்துக்கொண்டு 4,300 ரூபாய்.

பதினோரு நாள் ஒழுங்காக இருந்தது. பன்னிரண்டாம் நாள் 'டக்'.

செல்ஃப் மோட்டாரைக் கழற்றினோம். கார்பன் பிரஷ், புஷ் மாற்றி, ஆர்மேச்சரைச் சுத்தம் செய்து 2,100. நியாயமாகச் சொன்னால் பிரஷ் பாதிக்குமேல் தேய்ந்துதான் இருந்தது, ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த முறை மூன்று வாரம் நிம்மதி. பிறகு இக்னிஷன் சுவிட்ச், 900. பிறகு ஒரு யூடியூப் மகானை நம்பி 650 ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர். அது என் காரோடு பேசவே இல்லை, 'இணைக்க முடியவில்லை' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கார் தன் கோளாறைத் தானே கண்டு ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி வசதி இந்தியாவில் கட்டாயமானதே 2010-க்குப் பிறகு படிப்படியாகத்தான், என்னுடையது அதற்கு மூத்தது. பேசியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

மாடிவீட்டுக்காரர் ஒருநாள் நிறுத்தி, "எல்லாம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோல்தான்" என்றார். பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது என்பது உண்மை, நானும் அந்தப் பயத்தில்தான் இருக்கிறேன். ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்ற வேண்டியது கரண்டில். டாங்கில் பன்னீரே இருந்தாலும் அது சுற்றத்தான் வேண்டும். இதை அவருக்கு விளக்கப்போய் அரை மணி நேரம் போனது.

கடைசியில் போனது பாலக்கரையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். எல்லோருக்கும் அவர் 'பாய்'. அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "ஹெட்லைட்டப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க சார்" என்றார். அன்றைக்கென்று கார் ஒத்துழைத்தது: 'டக்'. எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் அப்படியே நின்றது.

"பேட்டரியை யாரு மாத்தச் சொன்னா?"

நான் பதில் சொல்லவில்லை. பிறகு பானட்டைத் திறந்து, என்னை நாலைந்து முறை விட்டுவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அவர் கை ஆக்சிலரேட்டர் கேபிள்மேல் இருந்தது. "இறங்கி வந்து தொட்டுப் பாருங்க." தொட்டேன். என்ஜின் ஓடவே இல்லை, கேபிள் கதகதவென்று இருந்தது. ஒரு இடத்தில் அதன் பிளாஸ்டிக் உறை லேசாக இளகிச் சுருங்கியிருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ, நான் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். பாசிட்டிவ் ஒயர் வழியாக வந்த கரண்ட் என்ஜின் உடம்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கென்றே கியர்பாக்ஸிலிருந்து தடியாக ஒரு எர்த் ஒயர் வரும். அந்தப் பாதை அடைத்துக்கொண்டால் கரண்ட் கிடைத்த சந்தில் நுழையும், என் காரில் ஆக்சிலரேட்டர் கேபிள். விளக்குகளுக்கு பாடியோடு தனி எர்த் இருப்பதால் அவை பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும்.

மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் முளையில், இன்னொரு முனை என்ஜின் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அங்கே 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டுமாம். காட்டியது 4.3. அதே நேரத்தில் பேட்டரியில் 12.1 வோல்ட் நின்றது. அப்படியென்றால் மோட்டாருக்குக் கிடைத்தது எட்டுகூட இல்லை.

ஒயரைக் கழற்றினார். மேலுக்கு ஒரு குறையும் இல்லை, போல்ட்டும் இறுக்கம்தான். ஒயர் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக்கை ஒட்டிய உறையைக் கத்தியால் கீறினார். உள்ளே பச்சைப் பவுடர். செம்பு இழைகளில் உயிரோடு இருந்தவை ஒரு கொத்து, அவ்வளவுதான். "கறையான் அரிச்ச கதவு சார். பெயிண்ட்டு மட்டும்தான் நிக்குது" என்றார்.

புது ஒயர் வெட்டி, இரண்டு பக்கமும் லக் அழுத்தி, கியர்பாக்ஸில் ஒயர் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசினார். 350 ரூபாய். நான் ஐந்நூறு கொடுத்தேன். அதுவரை நான் செய்திருந்த செலவு 7,950.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சுன்னா ஜம்பர் போட்டதும் எப்படி பாய் பிடிச்சது?" அவர் சிரித்தார். "நெகட்டிவ் கிளிப்ப எங்க மாட்டுனாரு?" என்ஜினில். பேட்டரி முளையில் மாட்டக்கூடாது, தீப்பொறி பட்டால் ஆபத்து, என்ஜின் இரும்பில்தான் மாட்ட வேண்டும் என்பது சரியான முறை. ஆபீஸ் நண்பர் முறைப்படி மாட்டினார், அந்தக் கிளிப்பே அழுகிய ஒயருக்கு மாற்றுப் பாதையாகிவிட்டது. அவர் தெரியாத்தனமாகப் பேட்டரி முளையிலேயே மாட்டியிருந்தால் கார் கிளம்பியிருக்காது, நாங்களும் பேட்டரியைச் சந்தேகித்திருக்க மாட்டோம். பதினோரு நாள், மூன்று வார நிம்மதிக்கும் இதே காரணம்தான். ஒவ்வொரு ரிப்பேரிலும் அந்த ஒயரைக் கழற்றி ஆட்டியிருக்கிறார்கள், உள்ளே நாலு இழை கூடி உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கே முந்நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த ஒன்பது மாதத்தில் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அது. காலையில் காபி டம்ளரோடு போய் அளக்கிறேன். என்ஜின் ஓடாதபோது 12.6, ஓடும்போது 14.1, எர்த்தில் 0.08. இவள் ஜன்னலிலிருந்து, "பி.பி. நார்மலா?" என்று கேட்கிறாள். நீங்கள் அளப்பதாக இருந்தால் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில்.

சரி, நண்பனுக்குப் பதில். வாங்காதே.

ஏசி நல்ல ஏசி, என்ஜின் இன்னும் ஒரு லட்சம் ஓடும், அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது என்று அவனிடம் ஒரு காரணம் சொல்லி வைத்தேன். உண்மையான காரணம் அது இல்லை. கார் சரியாகிவிட்டது, நான்தான் சரியாகவில்லை. பத்து நாளாக ஒரு 'டக்'கூட இல்லை. ஆனாலும் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் பாட்டை நிறுத்துகிறேன், ஃபேனை நிறுத்துகிறேன், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் "ஒரு நிமிஷம்" என்கிறேன். இந்த வேலையெல்லாம் ஒரு காருக்கு நாம் ஏன் செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நண்பன் நேரில் வந்தான். எங்கள் தெரு மேட்டிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் இறங்கும். வீட்டு வாசலில் வேப்பமரம், நல்ல நிழல். கார் அங்கே இல்லை. நாலு வீடு தள்ளி, இறக்கத்தின் தலைப்பில், வெயிலில் மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏன்டா அங்க நிறுத்தியிருக்க?"

"தள்ள ஆள் இல்லைன்னாலும் உருண்டுடும்ல."

கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அந்த மீட்டர் எந்தக் கடைல வாங்குன?" என்றான்.