விஎம்டி, என்ஏஎம்டி: ஏடிபி சிந்தேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அனுபவம்

செல்லுக்குள் ஆற்றல் உருமாறுவதை அம்புக்குறிப் படங்களாக மட்டுமே படித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் விஎம்டி (VMD) மென்பொருளை இறக்கி, புரதத் தரவு வங்கியில் 1பிஎம்எஃப் (1BMF) என்ற குறியீட்டில் உள்ள கட்டமைப்பை ஏற்றிப் பாருங்கள். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை (ATP) உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதியின், மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த எஃப்1 பகுதி அது. 1994-இல் ஜான் வாக்கர் குழு வெளியிட்டது, மூன்று வருடம் கழித்து அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

நடுவில் உள்ள காமா தண்டுக்குச் சிவப்பு கொடுங்கள், சுற்றியுள்ள மூன்று ஆல்ஃபா, மூன்று பீட்டா புரதத் துண்டுகளையும் கண்ணாடி போலாக்கி மெதுவாகத் திருப்புங்கள். தண்டு சமச்சீராக இல்லை, ஒவ்வொரு பீட்டாவுக்கும் ஒவ்வொரு முகம் காட்டுகிறது. அதனால்தான் ஒரு பீட்டாவில் ஏடிபியை ஒத்த மூலக்கூறு, இன்னொன்றில் இரண்டு பாஸ்பேட் மட்டுமே கொண்ட மூலக்கூறு (ADP), மூன்றாவது காலி. இதை நானே திருப்பிப் பார்த்தபோதுதான் சுழற்சி எப்படி வேதிவினையாகிறது என்பது மனதில் உட்கார்ந்தது. படம் காட்டுவதில் விஎம்டிக்கு முழு மதிப்பெண்.

அசைய வைக்க, அணுக்களின் இயக்கத்தைக் கணக்கிடும் என்ஏஎம்டி (NAMD) மென்பொருள் வேண்டும். இரண்டும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ஷுல்டன் குழு உருவாக்கியவை, கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். பெரிய அமைப்புகளுக்கு என்ஏஎம்டி அருமையாக ஈடுகொடுக்கும். ஒளியை ஏடிபியாக்கும் ஊதா பாக்டீரியாவின் குரோமட்டோஃபோர் என்ற சவ்வுப் பை முழுவதையும், 13.6 கோடி அணுக்களோடு, இதில் ஓட்டி 2019-இல் வெளியிட்டார்கள்.

சரி, எங்கே கவனம் வேண்டும்? நேரத்தில். கணக்கு முன்னேறும் ஒவ்வொரு அடியும் (காலப் படி) 2 ஃபெம்டோநொடி என்றால் ஒரு மைக்ரோநொடிக்கே 50 கோடி அடி. தண்டு நொடிக்கு நூறு முறை சுற்றுவதாக வைத்தாலும் ஒரு முழுச் சுற்றுக்கு 5 லட்சம் கோடி அடி ஆகிறது! அதனால்தான் பலரும் தண்டை வெளிவிசை கொடுத்துத் திருப்புகிறார்கள், அது இயற்கையான வேகம் கிடையாது. அப்புறம், வழக்கமான விசைப்புலத்தில் (அணுக்களுக்கிடையே உள்ள விசைகளைக் கணிக்கும் சூத்திரத் தொகுப்பு) பிணைப்பு உடையாது, புரோட்டான் தாவாது. பாஸ்பேட் ஒட்டும் அந்தக் கணம்தான் வேண்டுமென்றால் வினை நடக்கும் இடத்துக்கு மட்டும் குவாண்டம் கணக்கு போடும் கலப்பு முறைக்குப் போக வேண்டும். அதற்கும் என்ஏஎம்டியில் வழி இருக்கிறது, ஆனால் வேகம் அடியோடு குறையும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரம் எதையும் ஓட்டாதீர்கள், காமாவையும் காலி பீட்டாவையும் மட்டும் திரையில் வைத்து, எந்தெந்த அமினோ அமிலங்கள் தொட்டுக்கொள்கின்றன என்று பாருங்கள்.