பக்கப் எடுக்கிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு வெற்றுக் கோப்புகளை அனுப்பினார்கள், கவனம்

கொழும்பில் கடையோ கம்பனியோ வைத்திருந்து, சேவர் வேலையை வெளியாட்களிடம் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிற மாமாவின் மொத்தப் புடவைக் கடையில் கணக்கு வேலை என் பொறுப்பு. பில், ஸ்டொக், வெளியூர்க் கடைக்காரர் தரவேண்டிய நிலுவை எல்லாம் கடை மாடியில் உள்ள ஒரே சேவரில்தான். ஒவ்வொரு இரவும் பக்கப் (மாற்றுப் பிரதி) எடுத்து, அதன் கொப்பியைத் தானாகவே சிங்கப்பூரில் உள்ள கிளவுட்டுக்கு (இணையவழிச் சேமிப்பிடம்) அனுப்புவோம், கடையே எரிந்தாலும் உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் சேவரைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் எங்களுடன் ஒப்பந்தம் போட்டது. விடிந்தால் 'பக்கப் வெற்றி' என்று மின்னஞ்சல் வரும். மாத பில்லில் 'நாளாந்தச் சரிபார்ப்பு' என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனிக் காசு.

ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்ததோடு சேவரில் இருந்த இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன. சரி, சிங்கப்பூரில் இருக்கிறதே என்று போன் எடுத்தால், இன்றைக்குத் தாறோம், நாளைக்குத் தாறோம், லைன் ஸ்லோ என்று இழுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மாமா நேரே போய் உட்கார்ந்த பிறகுதான் கோப்புப் பட்டியலைக் காட்டினார்கள். திகதி வாரியாக அழகாக அடுக்கியிருக்கிறது, ஒரு இரவும் தவறவில்லை. ஆனால் எந்தக் கோப்பைப் பார்த்தாலும் அளவு 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிசிப் (கோப்புகளைச் சுருக்கும் நிரல்) சுருக்கினால் வருகிற அளவு அதுதான்.

நடந்தது இது. அவர்களுடைய ஆளே ஒரு தடவை டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார், பக்கப்பைத் தானாக எடுக்கும் கட்டளைக் கோப்பான ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அன்றிலிருந்து, டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும் மைஎஸ்கியூஎல் டம்ப் என்ற நிரல் உள்ளே போக முடியாமல் நின்றுவிட்டது. ஆனால் அதன் வெளியீடு பைப் வழியாக (ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்கு நேராக) ஜிசிப்புக்குப் போகிறது, ஜிசிப் தன் வேலையைச் சரியாக முடிக்கிறது, ஸ்கிரிப்ட் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும் பார்த்து 'வெற்றி' என்று மெயில் போடுகிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷில், இடையில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் என்ற ஒரு வரி போட்டிருந்தால் அன்றிரவே பிடிபட்டிருக்கும். இதைவிட வயிற்றெரிச்சல், 30 நாளுக்கு மேற்பட்ட கொப்பிகளைத் தானாக அழிக்கும்படியும் வைத்திருந்தார்கள். நல்ல கொப்பிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் வெற்றுக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

"லொக்கில எல்லாம் சக்சஸ் எண்டுதானே அண்ணா இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. அவரில் எனக்குக் கோபமில்லை. 20 பைட் கோப்பை ஒருவரும் திறந்துகூடப் பார்க்காமல் நாளாந்தச் சரிபார்ப்பு என்று பில் போட்ட நிறுவனத்தில்தான் கோபம். அது கவனக்குறைவு அல்ல, செய்யாத வேலைக்குக் காசு வாங்கியது. காசைத் திருப்பிக் கேட்டதற்கு, கோப்பை அனுப்புவது மட்டும்தான் தங்கள் பொறுப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்பது இல்லையாம். அதற்கு மேல், பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுத்துத் தர வேறாகக் காசு கேட்டார்கள்!

இப்போது பில் புத்தகங்களின் காபன் கொப்பிகளை வைத்துக்கொண்டு நிலுவைகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். வட் வரிக் கணக்கும் அப்படித்தான். நாணயமான கடைக்காரர்கள் தாங்கள் தரவேண்டியதைத் தாங்களே சொல்கிறார்கள், மற்றவர்களிடம் கேட்க எங்களிடம் கடதாசி இல்லை.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கக் கிளவுட்டை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ்) தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்குத் தனியான பக்கப் இருக்கவில்லை. பெரிய இடத்துக்கே அந்தக் கதி.

ஆகவே ஒப்பந்தம் போடும்போதே, கிளவுட் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அப்போதுதான் கோப்பின் அளவை நீங்களே பார்க்கலாம். நேற்றையதைவிட அளவு திடீரென்று குறைந்தால் எச்சரிக்கை வர வேண்டும். சரியாக முடிந்த செய்தி குறித்த நேரத்துக்கு வராவிட்டாலும் எச்சரிக்கை வர வேண்டும், ஸ்கிரிப்டே ஓடாத இரவில் தோல்வி மெயில் எப்படி வரும்? சேவரில் இருக்கிற கடவுச்சொல்லால் வெளியே உள்ள கொப்பியை அழிக்க முடியக்கூடாது, ரான்சம்வேர் வந்தால் அதையும் அழித்துவிடும். முக்கியமானது, மாதம் ஒரு தடவையாவது கொப்பியை வேறொரு கொம்பியூட்டரில் ரிஸ்டோர் செய்து (மீட்டெடுத்து), நேற்றைய கடைசிப் பில்லைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காசு கட்டாதீர்கள்.

சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறோம். உங்கள் பில்லிலும் 'நாளாந்தச் சரிபார்ப்பு' என்று வந்து, கோப்பைப் பார்த்தால் 20 பைட் என்று இருந்தால், அந்தப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்து முறைப்பாடு கொடுக்கலாம்.