இடுப்புல மாட்டுற குட்டி பெடோமீட்டர், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

போன வருஷம் அப்பா தவறுனதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் எனக்கு எதுவுமே பிடிக்கல. வீட்ல இருந்தே வேலைங்கறதால கட்டில், லேப்டாப், மறுபடி கட்டில்னே பொழுது போச்சு, சாப்ட்ட தட்டை கழுவக்கூட எந்திரிக்கத் தோணாது. டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை எழுதிக் குடுத்துட்டு "தினம் கொஞ்சம் நடம்மா"ன்னாங்க. கொஞ்சம்னா எவ்ளோன்னு தெரியணும்னுதான் இத வாங்குனேன்.

நாம எத்தன அடி எடுத்து வச்சு நடக்கறோம்னு எண்ணுற மீட்டர், 480 ரூபா. தீப்பெட்டி சைஸ்தான், பின்னாடி ஒரு கிளிப், முன்னாடி நம்பர், அவ்ளோதான். ஆப் கிடையாது, சார்ஜ் போட வேணாம், பட்டன் பேட்டரி. ராத்திரி 12 மணிக்கு தானா சைபர் ஆயிடும், ஏழு நாள் கணக்கு உள்ள இருக்கும்.

மொத நாள் ராத்திரி பாத்தா 1,140. பகீர்னு ஆயிடுச்சு. நாங்க இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, அதனாலயே எல்லாத்தையும் டெலிவரி போட்டு கீழ எறங்காமலே இருந்திருக்கேன். மறுநாள்லேர்ந்து பால் பாக்கெட்டுக்கு நானே போனேன், துணிய பால்கனில போடாம மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போனேன், போன் வந்தா நடந்துட்டே பேசுனேன். இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கல, வீட்டு வேலையிலயே 4,000 தாண்டிடுச்சு.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மாசக் காலண்டர்ல அந்தத் தேதிக் கட்டத்துல நம்பர எழுதி, மனசு பரவாயில்லாம இருந்த நாளுக்கு பக்கத்துல ஒரு புள்ளி வச்சேன். ரெண்டாவது மாசத் தாள கிழிக்கும்போது பாத்தா புள்ளி எல்லாம் பெரிய நம்பர் பக்கத்துலயே கெடக்கு. மனசு நல்லாருந்ததால நடந்தேனா நடந்ததால நல்லாச்சான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா கடுகடுன்னு எறங்கிப் போயிட்டு, வர்றப்ப கீழ்வீட்டு அக்காகிட்ட நின்னு பேசிட்டு வந்த சாயங்காலம் நெறைய உண்டு. தூக்கமும் ஒழுங்காச்சு. மாத்திரைய நானா நிறுத்தல, டாக்டர் சொன்னப்பறம்தான் குறைச்சோம், நடக்கறோமேன்னு யாரும் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

10,000 அடி கட்டாயமான்னு கேப்பாங்க. அந்த நம்பர் டாக்டர்ங்க வச்சதில்ல, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இதே மாதிரி மீட்டருக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வச்சு வித்தாங்க, அதுலேர்ந்து பரவுனது. 2022ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல, வாரம் ரெண்டரை மணி நேரம் வேகமா நடக்கறவங்களுக்கு, ஒண்ணுமே செய்யாதவங்களவிட மனச்சோர்வு வர்ற வாய்ப்பு 25 சதவீதம் கம்மியாம், அதுல பாதி நடந்தாலே 18 சதவீதமாம். அதாவது பெரிய வித்தியாசம் வர்றது ஒண்ணுமே இல்லாத எடத்துலேர்ந்து எந்திரிக்கறப்பதான், அந்தக் கட்டிலை எனக்குத் தெரியும்ங்கறதால இத படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. நான் இப்ப 5,500 கிட்ட நிக்கறேன், போதும்னு இருக்கு.

கொறைன்னா, டவுன் பஸ்ல குலுங்குனா அதையும் அடின்னு எண்ணுது. நின்ன எடத்துலயே மாவரைக்கறது, துணி கும்மறது எதுவும் கணக்குல ஏறாது, உடம்பு மட்டும் வேர்த்து ஊத்தும். சேலை கொசுவத்துல மாட்டுனா பாதி அடிய விட்டுடுது, சுடிதார் பேன்ட் இடுப்புல கரெக்டா எண்ணுது. வெயில்ல நம்பர் தெரியாது. கிளிப் ரொம்ப மெல்லிசு, ரெண்டாவது மாசமே உடைஞ்சுது, வித்தவங்களுக்கு மூணு தடவ மெசேஜ் போட்டும் பதில் இல்ல, இப்ப ஊக்கு போட்டுதான் மாட்டிருக்கேன். வாங்கறவங்க மொத நாளே ஒரு கயிறு கோத்து வச்சுக்கோங்க, துணி தொவைக்கற பக்கெட்டுல விழுந்தா போச்சு.