நாலு மணியா, ஐந்து மணியா, இல்லை இரவு பதினொன்றா?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. இதில் தனக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும் என்றால் எங்கிருந்து எடுப்பது? நடைமுறையில் மூன்று வழிதான் இருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு எழுவது, 5 மணிக்கு எழுவது, இல்லையென்றால் காலையை அப்படியே விட்டுவிட்டு பிள்ளை தூங்கிய பிறகு இரவு பதினொன்று வரை உட்காருவது. மூன்றும் எங்கள் வீட்டில் ஓடிப் பார்த்தவை. நான் இப்போது நிற்பது 5 மணியில். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டு நிலவரம் சொன்னால்தான் கணக்கு புரியும். தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட். நான், கணவர், மாமியார், எட்டு வயதுப் பையன். பள்ளி வேன் 7:20க்கு வரும். நான் 8 மணிக்குக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்புவேன். அமெரிக்க வாடிக்கையாளரோடு மாலையில் வீட்டிலிருந்தே ஒரு போன் கால் உண்டு. சிஎம்ஏ இன்டர், அதாவது செலவுக் கணக்கியல் படிப்பின் இடைநிலைத் தேர்வு, எழுத வேண்டும் என்று ஆசை. அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம்.

விடியற்காலை அமைதியாக இருக்கும், மனம் தெளிவாக இருக்கும், போன் அடிக்காது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

முதலில் 4 மணி. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிப்பேர் பிரம்ம முகூர்த்தத்தை இழுக்காமல் விடமாட்டார்கள். அது கடிகாரத்தில் ஆணியடித்த நேரம் இல்லை. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, 48 நிமிடம் முன்பு முடிவது. சென்னையில் மே கடைசியில் 5:40ஐ ஒட்டி விடிகிறது, அப்போது சுமார் நாலே காலுக்குள் எழ வேண்டும், சரி. ஆனால் ஜனவரி கடைசியில் உதயம் 6:35 ஆகிவிடும். அப்போது முகூர்த்தம் தொடங்குவதே கிட்டத்தட்ட 5 மணிக்குத்தான். ஆக, சாஸ்திரப்படி பார்த்தாலும் வருடம் முழுக்க 4 மணி என்று யாரும் விதிக்கவில்லை.

4 மணியில் எனக்கு அனுபவம் குறைவு. கணவர்தான் அரை மாரத்தான் பயிற்சிக்காகச் சில மாதங்கள் எழுந்தார். அவருக்கு அது நன்றாகவே வேலை செய்தது, மறுக்க முடியாது. வெயில் ஏறுவதற்குள் ஓடி முடித்து, குளித்து, பேப்பரும் படித்துவிடுவார். ஆனால் வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர் அமைப்புகள் 2015இல் சேர்ந்து சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 மணிக்கு எழ, 9 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். எட்டே முக்காலுக்குப் படுக்கை. அந்த மாதங்களில் பையனின் வீட்டுப்பாடம், மறுநாள் பை, சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் எல்லாம் என் தலையில் விழுந்தன. ஒருவர் 4 மணிக்கு எழுகிறார் என்றால் அவருடைய இரவு வேலையை யாரோ செய்கிறார் என்று அர்த்தம். தனியாக அறை எடுத்துக்கொண்டு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் தாராளமாக எழலாம். மார்கழியில் கோயில் ஸ்பீக்கரே எழுப்பிவிடும், அது வேறு கதை.

அடுத்து இரவு. இதற்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் பெரிய கவர்ச்சி. பையன் தூங்கியாயிற்று, அடுப்படி மூடியாயிற்று, புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான். அலாரத்தோடு சண்டை கிடையாது. இயல்பிலேயே இரவில் சுறுசுறுப்பாக இருப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் இரவு நேரத்துக்கு வேலி இல்லை. காலையில் 6 மணி ஆனால் குக்கர் வைத்தே ஆக வேண்டும், வேன் யாருக்கும் காத்திருக்காது. இரவு பதினொன்றுக்கு அப்படி யாரும் வந்து நிற்பதில்லை. காஸ்ட் ஷீட் ஒன்றை முடித்துவிட்டு ‘கொஞ்ச நேரம்’ என்று போனை எடுத்தால் பன்னிரண்டேகால். அதற்கான அபராதத்தை மறுநாள் பையன் மேல் எரிந்து விழுந்து கட்டுவோம்.

இப்போது 5 மணி. ஒன்பதே முக்காலுக்கு விளக்கு அணைந்தால் ஏழு மணி நேரம் தேறிவிடும். ஐந்து பத்துக்கு உட்கார்ந்தால் 6 மணி வரை படிப்பு. பிறகு சமையல், டிபன் பாக்ஸ், வேன். காகிதத்தில் சுலபம். இதைத் தூக்கி நிறுத்துவதும் சாய்ப்பதும் அலாரம் இல்லை, மன உறுதியும் இல்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான். இன்னும் குறிப்பாகச் சொன்னால், தோசை.

எங்கள் வீட்டில் இரவுக்குப் பலகாரம்தான். தோசை என்றால் நாலு பேருக்கு ஆளுக்கு மூன்று, பன்னிரண்டு. இருப்பது ஒரு கல். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தாலும் அரை மணி நேரம் ஒருவர் அடுப்பு முன்னால் நின்றாக வேண்டும். பையனுக்கு முறுகலாக வேண்டும், மாமியாருக்கு மெத்தென்று. ஒருவர் கை கழுவும்போதுதான் அடுத்தவர் வந்து உட்காருவார். ஊற்றுகிறவர் கடைசியில் சாப்பிட்டு, மேடையில் தெறித்த எண்ணெயைத் துடைத்து, சட்னி கிண்ணங்களைக் கழுவி நிமிரும்போது மணி பத்து. அதே மாவில் இட்லி வார்த்தால் ஒரே ஈடு, பன்னிரண்டு நிமிடம். நாலு பேரும் ஒன்றாக உட்காரலாம். எட்டேகாலுக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிடலாம்.

எனவே வார நாட்களில் இரவுத் தோசையை நிறுத்தினோம். இட்லி, கிச்சடி, சில நாள் மதியக் குழம்போடு சாதம். தோசை சனி, ஞாயிறு காலைக்குப் போய்விட்டது. “ஏம்மா, ராத்திரியில சூடா ஒரு தோசைக்குக்கூட வழியில்லையா?” என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். வேண்டும் என்கிற நாளில் அவருக்கு மட்டும் இரண்டு ஊற்றிக் கொடுக்கிறோம். பிரச்சினை தோசையில் இல்லை, நாலு பேருக்கு வரிசையாக ஊற்றுவதில்தான்.

சாப்பாடு முடிந்த கையோடு மறுநாளைக்கான வேலை. கணவர் டிவி முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கித் தேங்காய் துருவி ஃபிரிட்ஜில் வைப்பார். நான் ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவிடுவேன், காலையில் டிகாஷன் தயாராக இருக்கும். பெண்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: இந்த முன்வேலை இல்லாமல் 5 மணிக்கு எழுந்தால் அந்த ஒரு மணி நேரத்தை அடுப்படி விழுங்கிவிடும். எழுந்துதான் விட்டோமே, கூட்டோடு ஒரு பொரியலும் செய்துவிடலாமே என்று நம் கையே போகும். அதனால் 6 மணிக்கு முன் காபியைத் தவிர அடுப்பில் எதுவும் ஏறாது என்று வீட்டில் ஒரு சட்டம். மிக்ஸியும் ஆறுக்கு மேல்தான், பக்கத்து ஃபிளாட்காரர்களையும் நினைக்க வேண்டுமே.

பையனையும் சேர்த்து எழுப்பிவிடலாமா என்று கணவருக்கு ஒரு யோசனை வந்தது. எனக்குச் சம்மதம் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். எட்டரைக்குப் படுக்கிற பையன் ஆறேகாலுக்கு எழுந்தால் போதும். அப்பா அம்மா சீக்கிரம் எழுவது அவர்கள் விருப்பம், குழந்தையை அதில் இழுக்கக் கூடாது.

மாலைக் காபியும் மாறியது. காபியில் இருக்கும் கஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் சராசரியாக உடம்பில் இருக்கும். ஆறு மணிக் காபி என்றால் பதினொன்று வரை கணக்கு முடியாது. இப்போது மூன்றரைக்கு அலுவலகத்திலேயே குடித்து முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு காபி என்கிற சுகம் போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை. எட்டு மணி வரை தூங்கினால் ஞாயிறு இரவு பதினொன்றானாலும் தூக்கம் வராது, திங்கள் விடியல் நரகம். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நாங்கள் ஞாயிறன்று ஆறு மணி வரை சலுகை எடுத்துக்கொள்கிறோம், அதற்கு மேல் இல்லை. நடைப்பயிற்சிக்கும் இந்த வெளிச்சக் கணக்கு உண்டு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஐந்தரை வாக்கில் தெரு தெரியும், படிக்காத நாட்களில் நடக்கப் போவேன். ஜனவரியில் ஆறு மணிக்கும் இருட்டு, தெரு நாய்கள் வேறு. அப்போது மொட்டை மாடிதான்.

நவம்பர் வந்தால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை. அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். நியூயார்க் காலை 9 மணிக் கால் நமக்கு மாலை ஆறரையிலிருந்து ஏழரைக்குத் தள்ளிப்போகும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரைக்கும் அப்படியே. சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காரும். அந்த மாதங்களில் ஏழு மணிக்கே இட்லி. மாமியாருக்கு அது பிடித்திருக்கிறது, கணவருக்கு ஒன்பது மணிக்குப் பசிக்கிறது, வாழைப்பழத்தில் சமாளிக்கிறார்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் காலகட்டத்தில் நான் எந்த அலாரமும் வைக்கவில்லை. கடை வைத்திருப்பவர்கள், ஒன்பதரைக்கு மேல் வீடு திரும்புகிறவர்கள் உள்ள வீட்டில் இரவுச் சாப்பாட்டை முன்னால் இழுக்க முடியாது. அங்கே 5 மணி அலாரம் தூக்கத்தைத்தான் திருடும். அப்படிப்பட்டவர்கள் காலை ஆறையே வைத்துக்கொண்டு, போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, இரவு முக்கால் மணி நேரம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் 5 மணி அலாரத்தை முயற்சி செய்யும் முன் ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை மட்டும் எட்டுக்குள் முடித்துப் பார்க்கட்டும்.